பி.ஏ. ஆங்கில மாணவர்களுக்கு விளக்கக் கட்டுரை எழுதப் பயிற்றுவிப்பது எப்படி?

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலிக்கு மேற்கே, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கலைக்கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குக் கட்டுரைப் பயிற்சித் தாளை எடுத்து வருகிறேன். வகுப்பில் அறுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். முக்கூடல், கடையம், ஆலங்குளம், பாப்பாக்குடி எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து பேருந்தில் வருகிறவர்களே மிகுதி. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்கள் பாதிக்கு மேல்.

இலக்கணப் பிழைகள் இருக்கத்தான் செய்கின்றன; அவற்றை நான் பெரிதாக எண்ணவில்லை. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது இன்னது, இவ்வாறு நடக்கிறது, இதனால் நடக்கிறது என்று, அதை அறியாத ஒருவருக்கு விளங்கும்படி ஒன்றரைப் பக்கம் எழுதச் சொன்னால்தான் வகுப்பே தடுமாறுகிறது. 2023 டிசம்பர் வெள்ளம் ஏன் அவ்வளவு பெரிதாயிற்று என்று விளக்கி எழுதச் சொன்னேன். பெரும்பாலான தாள்கள் 'சின்ஸ் டைம் இம்மெமோரியல்' (நினைவுக்கெட்டாத காலந்தொட்டு) என்று தொடங்கின. நீரின் பெருமை பேசும் குறளின் ஆங்கில ஆக்கம் அடுத்த வரியில் வந்து நின்றது. அதன்பின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய கதை, மாடியில் கழித்த இரவு, அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற முடிவுரை. கதை சொன்ன பகுதிகளில் நல்ல உயிர் இருந்தது. ஆனால் 'ஏன்' என்பதற்கான விடை எந்தத் தாளிலும் இரண்டு மூன்று வாக்கியங்களைத் தாண்டவில்லை.

இவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது? வாக்கியத்திலிருந்தா, பத்தியிலிருந்தா, கட்டுரையின் சட்டகத்திலிருந்தா? எத்தகைய தலைப்புகளைத் தரலாம்? இந்தத் தாளைப் பல ஆண்டுகள் நடத்தியவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பாளை ஆசிரியை (ஓய்வு)

தம்பிக்கு வணக்கம். உங்கள் மாணவர் அந்தக் கட்டுரையை யாருக்கு எழுதினார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். உங்களுக்குத்தான் எழுதினார். நீங்களும் அதே வெள்ளத்தை அதே ஊரில் பார்த்தவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும், அதற்கு மேலும் தெரியும். விளக்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத இடத்தில் மனிதர் உணர்ச்சியைச் சொல்வார், அல்லது மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார். பள்ளியில் பத்தாண்டுகளாக, ஏற்கெனவே விடை தெரிந்த ஒருவருக்கு விடை எழுதித்தான் இவர்களுக்குப் பழக்கம். எனவே வாக்கியத்திலிருந்தோ பத்தியிலிருந்தோ தொடங்குவதற்கு முன், எழுதுகிறவருக்குத் தெரிந்து படிக்கிறவருக்குத் தெரியாத ஒரு பொருளைத் தேடிக்கொடுங்கள் என்பேன்.

உங்கள் பகுதியில் அதற்குப் பஞ்சமே இல்லை. முக்கூடல், ஆலங்குளம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் பலரின் வீட்டில் தாயோ அக்காளோ சுளகை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவராக இருப்பார். நகரத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் வகுப்பில் இந்த இருவரையும் சேர்த்து உட்கார வைப்பேன். ஒருவர் எழுத வேண்டும். மற்றவர் படித்துவிட்டு, வாய் திறக்காமல், தமக்குப் புரியாத இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுத வேண்டும். வாயால் கேட்கவிட்டால் வாயாலேயே விளக்கி முடித்துவிடுவார்கள். தாள் அப்படியே கிடக்கும்.

ஒரு மாணவியின் முதல் வரைவு, தமிழில் சொன்னால், இப்படி இருந்தது: "இலையை நனைப்பார்கள். பிறகு வெட்டுவார்கள். பிறகு தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டுவார்கள்." பக்கத்தில் இருந்தவர் எழுதிய கேள்விகள்: ஏன் நனைக்க வேண்டும்? எந்த அளவுக்கு வெட்டுவது? எல்லா இலையும் ஒரே அளவாக எப்படி வரும்? மாணவிக்கு இவை வியப்பாக இருந்தன. நாள்தோறும் பார்ப்பதால் இவற்றைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. இரண்டாம் வரைவில், காய்ந்த இலை கத்தரி பட்டதும் உடைந்துவிடும் என்பதால் முதலில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்கிறார்கள் என்றும், தகரத்தில் செய்த அளவுத்தகட்டை இலைமேல் வைத்து வெட்டுவதால் எல்லாம் ஒரே அளவாக அமைகின்றன என்றும் எழுதினார். மூன்று துண்டு வாக்கியங்கள் ஒரு பத்தியாயின. 'பிகாஸ்', 'சோ தட்', 'அன்லெஸ்' ஆகிய சொற்களைத் தேர்வுக்காக அதுவரை பலமுறை கோடிட்ட இடத்தில் நிரப்பியவர்தான். அவற்றுக்கு உண்மையான வேலை அன்றுதான் கிடைத்தது.

ஓர் எச்சரிக்கை. வீட்டுத் தொழிலை வகுப்பில் சொல்லக் கூசுகிற பிள்ளைகள் உண்டு. கட்டாயப்படுத்தக் கூடாது, பொருளை அவர்களே தேர்ந்துகொள்ளட்டும். பனங்காட்டுப் பக்கத்துப் பையன் பதநீரைப் பற்றி எழுதலாம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்ற ஒற்றைச் செய்திக்குள் செய்முறையும் காரணமும் நிபந்தனையும் சேர்ந்தே இருக்கின்றன.

செய்முறை கைவந்த பிறகு வெள்ளத்துக்குத் திரும்புங்கள். இம்முறை படிப்பவர் சென்னையில் இருக்கும் ஒரு மாணவர் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்கு முதலில் எது தெரிய வேண்டும்? குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சியால் 17, 18 தேதிகளில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கும் மேல் பதிவாயிற்று. அது தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டில் கிடைக்கும் சராசரி மழையைவிட அதிகம். இதெல்லாம் வானத்திலிருந்து வந்த காரணம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளிலிருந்து வந்த நீரும், சமவெளியிலேயே பெய்த மழையும், உடைந்த குளங்களின் நீரும் ஒரே நேரத்தில் கீழ்ப்பகுதியில் சேர்ந்தது நிலத்தின் காரணம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் சிக்கிக்கொண்டது விளைவு. எது காரணம், எது விளைவு, எது வெறுமனே அதே நாளில் நடந்தது என்று கரும்பலகையில் மூன்று கட்டங்களாகப் பிரித்து எழுதச் செய்தாலே, கட்டுரையின் சட்டகம் பாதி வந்துவிடும். சட்டகத்தை வெற்றாகக் கொடுத்து நிரப்பச் சொல்வதால் பயன் குறைவு என்பது என் கருத்து.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

நான் தமிழ்த்துறையைச் சேர்ந்தவன். ஆங்கிலத்துறை விவாதத்தில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. அம்மையார் சொன்ன ஓரக் கேள்வி முறைக்கு நம்மிடம் பழைய துணை ஒன்று இருக்கிறது. நன்னூல், காண்டிகையுரைக்கு (சுருக்கமான உரைக்கு) கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை ஆகிய ஐந்தையும் உறுப்பாகச் சொல்கிறது. உரையாசிரியர்கள் இடையிடையே 'என்னை?' (அதாவது, 'காரணம் என்ன?') எனக் கேட்டு விடை சொல்லிச் செல்வதை யாவரும் படித்திருப்போம். அந்த வினாவை எழுப்பியவர் எதிரே இல்லாத ஒரு மாணாக்கர். நன்னூலுக்கு விருத்தியுரை (விரிவான உரை) எழுதிய சங்கர நமச்சிவாயரும் திருநெல்வேலிக்காரர், அதைத் திருத்திச் செப்பம் செய்த சிவஞான முனிவரும் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் என்பதை உங்கள் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். விளக்கி எழுதுவது இந்தத் தாமிரபரணிக் கரைக்குப் புதிய கலை இல்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ஒவ்வொரு பத்தியை எழுதும் முன்னும், அந்தப் பத்தி விடையளிக்கப்போகும் வினாவைத் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதினாலும் சரி. வரைவு முடிந்ததும் வினாக்களை மட்டும் வரிசையாகப் படித்தால், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கிறதா என்பது வெளிப்படையாகத் தெரியும். ஒரே வினா இரண்டு இடத்தில் வந்தால் பத்திகளை இணைக்க வேண்டும். வினாவே எழுத முடியாத பத்தி இருந்தால் அதை எடுத்துவிடலாம். கடைசியில் வினாக்களை அடித்துவிட்டுச் செம்பிரதி எழுத வேண்டும்.

அடுத்து, ஒரு நூலில் வரக்கூடாதவை என்று நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்கள். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. ஆங்கிலக் கட்டுரையைத் திருத்துவதற்கு இதைவிடச் சுருக்கமான அளவுகோல் இருக்குமா என்று எனக்கு ஐயம். இலக்கணப் பிழை இதில் ஒரே ஒரு குற்றமாக, ஐந்தாவதாகத்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். பத்தமடைப் பாய் நெய்வதை விளக்கத் தொடங்கியவர், பாயைப் பரிசாகப் பெற்ற பெரியோர் வரலாற்றில் ஒரு பக்கம் சென்றால் அது மற்றொன்று விரித்தல். 'சின்ஸ் டைம் இம்மெமோரியல்' வெற்றெனத் தொடுத்தல். முதல் பக்கத்தில் மூன்று காரணம் விரிவாகச் சொல்லி, மணி அடிக்கப்போகிறது என்று நான்காவதை ஒரே வரியில் முடித்தால் சென்று தேய்ந்து இறுதல். ஆசிரியர் ஓரத்தில் குற்றத்தின் எண்ணை மட்டும் போட்டால் போதும். எந்த இடத்தில், எப்படி நேர்ந்தது என்று மாணவர் தாமே தேட வேண்டும்.

தமிழில் சிந்திப்பதால்தான் நம் மாணவர்கள் சுற்றி வளைக்கிறார்கள் என்று சில கருத்தரங்குகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ராபர்ட் கப்லன் என்ற மொழியியலாளர் 1966இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவிய கருத்து இது. ஆங்கிலத்தார் எழுத்து நேர்கோட்டில் செல்லும், கீழை நாட்டார் எழுத்து சுழன்று சுழன்று செல்லும் என்று அவர் கோட்டுப்படமே வரைந்து காட்டினார். அவர் ஆராய்ந்தவை பிறமொழி மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகள். அவர்கள் தம் தாய்மொழியில் எப்படி எழுதினார்கள் என்பதை அவர் பார்க்கவில்லை என்று பின்னர் வந்தவர்கள் மறுத்தார்கள். பதவுரையும் பொழிப்புரையும் எழுதிய மொழிக்கு நேராகச் சொல்லத் தெரியாது என்பதை நான் ஏற்பதற்கில்லை.

மறுமொழி: விடைத்தாள்

மேலே சொன்னவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பருவத் தேர்வில் பீடியும் பதநீரும் கேள்வியாக வருவதில்லை. ஒரு நாடகத்தில் இன்ன பாத்திரத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் என்ன என்றுதான் கேட்பார்கள். விடைத்தாள் திருத்தும் மையத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: கதைச் சுருக்கத்தை நான்கு பக்கம் எழுதிவிட்டு, கேள்வியில் உள்ள சொற்களைக் கடைசி வரியில் சேர்ப்பதுதான் பொதுவான விடை. வீட்டுத் தொழிலைப் பற்றி நன்றாக எழுதும் மாணவர் இலக்கியத்துக்கு வந்ததும் கைடில் உள்ளதை அப்படியே இறக்குகிறார். ஒன்றில் கற்ற திறன் மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேராது. ஆசிரியர்தான் கைப்பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கென வகுப்புகளை ஒதுக்குங்கள். பீடிக் கட்டுரைக்கு எழுதிய அதே வகை வினாக்களை நாடகத்துக்கும் எழுதச் செய்யுங்கள்: இது நடக்காமல் இருந்தால் அடுத்தது நடந்திருக்குமா? இது காரணமா, வெறுமனே முன்னால் நடந்ததா?

இன்னொன்று. மையக்கருத்து வாக்கியம் பத்தியின் முதலில்தான் வர வேண்டும் என்ற விதியைப் பாடநூல்கள் வேதவாக்காகச் சொல்கின்றன. ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பெயின் 1866இல் வகுத்த பத்தி இலக்கணத்திலிருந்து வளர்ந்த விதி அது. 1974இல் ரிச்சர்ட் பிராடக் என்ற அமெரிக்க ஆய்வாளர், இதழ்களில் எழுதும் தேர்ந்த எழுத்தாளர்களின் விளக்க உரைநடையை எடுத்துப் பார்த்தபோது, அத்தகைய வாக்கியத்தோடு தொடங்கிய பத்திகள் 13 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தன. எனவே அது எழுத்தின் இயற்கை இல்லை. இருந்தாலும் நான் அதைக் கற்பிக்கிறேன். ஒரு நாளில் கட்டுக்கட்டாகத் தாள் திருத்துகிறவரின் கண் பத்தியின் முதல் வரியில்தான் நிற்கும். மாணவருக்கு மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. இது தேர்வுக்கான ஏற்பாடு என்பதை மாணவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி: பொருநைக்கரை

மூவருக்கும் நன்றி. பத்துக் குற்றங்களின் பட்டியலை வரும் வாரமே வகுப்பில் ஒட்டப்போகிறேன். 'விடைத்தாள்' ஐயா சொன்னதும் சரியே. இலக்கியத் தாளுக்கு எப்படிக் கொண்டுசெல்வது என்பதை நான் தனியாக யோசித்திருக்கவில்லை.

ஆனால் ஒரு நடைமுறைக் கேள்வி எஞ்சுகிறது. அறுபது பேர், ஆளுக்கு இரண்டு வரைவு. பிழை ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் திருத்தினால் வேறு எந்த வேலையும் நடக்காது. திருத்தாமல் விட்டாலோ, என் பிள்ளையின் கட்டுரை நோட்டில் ஒரு திருத்தமும் இல்லையே என்று பெற்றோர் கேட்கிறார்கள், துறையிலும் கேட்கிறார்கள். இதைச் சமாளிப்பது எப்படி?

மறுமொழி: அம்பைக்காரி

அண்ணாச்சிக்கு வணக்கம். எல்லாப் பிழையையும் திருத்த வேண்டாம் என்பதற்கு உங்களிடம் ஒரு சான்று இருக்கட்டும். இரண்டாம் மொழி எழுத்து வகுப்புகளில் இலக்கணத் திருத்தம் பயனற்றது, தீங்கும் செய்யும், ஆகையால் அதைக் கைவிட வேண்டும் என்று 1996இல் ஜான் டிரஸ்காட் என்ற ஆய்வாளர் வாதிட்டார். டானா ஃபெரிஸ் 1999இல் அதை மறுத்து, தெரிந்தெடுத்த பிழைகளைத் தெளிவாகச் சுட்டினால் பயனுண்டு என்றார். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. நான் ஃபெரிஸ் பக்கம்தான். ஆனாலும் பக்கம் முழுவதும் சிவப்பாக்கும் திருத்தத்தை இருவரில் எவரும் பரிந்துரைக்கவில்லை என்பது நமக்குப் போதும்.

நான் செய்வது இதுதான். முதல் வரைவில் மொழிப்பிழையைத் தொடவே மாட்டேன்; வினாவும் குற்ற எண்ணும் மட்டும். இரண்டாம் வரைவில் ஒரே ஒரு வகைப் பிழையை, வகுப்பு முழுவதற்கும் பொதுவாக அறிவித்துவிட்டுப் பார்ப்பேன். இந்த முறை எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள பொருத்தம் என்றால் அது மட்டும்தான். மீதி நேரத்தில் ஒருவரின் பத்தியைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, எல்லோரும் சேர்ந்து திருத்துவோம். அறுபது நோட்டில் அறுபது முறை எழுத வேண்டியதை அங்கே ஒருமுறை பேசிவிடலாம்.

ஒரு பத்தியை மட்டும் காட்டுகிறேன். பத்தமடை மாணவி ஒருவர் எழுதியதன் கருத்து இது: "பாய் மிக மென்மையாக இருக்கும். கோரையை ஆற்றில் ஊறவைப்பார்கள். பருத்தி நூல் பாவாக (நெடுக்கிழையாக) இருக்கும். கோரையை மெல்லியதாகக் கீறுவார்கள். நெசவுக்கு நாளாகும்." ஒவ்வொரு வாக்கியமும் தனியே பார்த்தால் சரி. ஆனால் ஒவ்வொன்றும் புதிய இடத்தில் தொடங்குகிறது. படிப்பவர் ஒவ்வொரு முறையும் துள்ளித் துள்ளிப் போக வேண்டியிருக்கிறது. முந்தைய வாக்கியம் முடிந்த இடத்தில் அடுத்ததைத் தொடங்கச் சொன்னேன். வகுப்பு சேர்ந்து மாற்றியது: "வெட்டிய கோரையை முதலில் மெல்லிய இழைகளாகக் கீறுகிறார்கள். கீறிய இழைகளை ஓடும் நீரில் ஊறவைக்கிறார்கள். ஊறி எடுத்த இழையைக் காயவைத்து, பருத்தி நூல் பாவில் ஊடையாக (குறுக்கிழையாக) கோக்கிறார்கள். இழை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு நெசவு நாளெடுக்கும். பாயின் மென்மையும் அதனால்தான் வருகிறது." இதில் இலக்கணத் திருத்தம் ஒன்றுகூட இல்லை. ஆனால் வகுப்பில் இருந்த அனைவரும் முன்னதைவிடப் பின்னதுதான் நல்ல ஆங்கிலம் என்றார்கள்.

மென்பொருள் எழுதித் தரும் கட்டுரையைப் பற்றி யாரும் பேசவில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், வீட்டுப்பாடமாகக் கொடுக்கும் பொதுத்தலைப்புகளுக்குப் பொருளில்லை. கல்வியின் சிறப்பு என்று கொடுத்தால் பிழையே இல்லாத வெற்றுப் பக்கம் வரும். முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுதச் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரின் ஓரக் கேள்விகளும் அதே தாளில் இருக்கட்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை அந்த இரண்டு தாளையும் சேர்த்து வைத்தே போடுங்கள்.

பெற்றோருக்கு, நோட்டின் முதல் பக்கத்தில் பத்துக் குற்றங்களையும் எண்ணிட்டுத் தமிழிலேயே ஒட்டிவிடுங்கள். ஓரத்தில் இருக்கும் 7, 8, 9 என்ன என்று அவர்களுக்கே விளங்கும். எங்கள் கல்லூரிக்கு வந்த ஒரு தந்தை அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, தம் ஊராட்சிக் கூட்டத்தில் பேசுகிறவர்களுக்கும் இதைக் கொடுக்கலாமே என்றார்.

மறுமொழி: விடைத்தாள்

அம்பைக்காரி சொன்ன ஏற்பாட்டில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரக் கேள்வி எழுதியவருக்கும் மதிப்பெண் உண்டு என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். இல்லையென்றால், நண்பரின் தாளில் கேள்வி எழுதுவது குறை சொல்வதாகும் என்று எண்ணி 'வெரி குட்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.